யானை வராத சோதனை

கல்முனையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு வீதியில், கரையோரச் சிப் சரிபார்ப்பு அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது. தொடங்கி நான்கு வருடத்தில் ஒரு பிழையைக்கூடக் கண்டுபிடிக்காத சபை அது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வாசலில் அவர்களே ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: “நான்கு ஆண்டுகள். பிழைகள்: பூச்சியம்.” மீன் பிடிக்கப் போன தோணி வெறுமையாகக் கரைக்கு வந்து, வலை நனையவே இல்லை என்று வெடி கொளுத்தினால் எப்படி இருக்கும், அப்படித்தான். ஆனால் ஊர் கைதட்டியது. பூச்சியம் என்றால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அங்கேதான் றினோஸாவுக்கு வேலை. வயது இருபத்தேழு, சாய்ந்தமருதுப் பிள்ளை, கம்பஸில் நன்றாகப் படித்தவள். வேலை கிடைத்த அன்று அவளுடைய வாப்பா இஸ்மாலெப்பை தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் மஸ்கட் இனிப்புக் கொடுத்தார். மகள் என்ன வேலை என்று கேட்டவர்களிடம், “பிழை புடிக்கிற வேல” என்று சொன்னார். அந்தச் சபையில் அதுவரை யாரும் அந்த வேலையைச் செய்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வேலை இதுதான். கொழும்பில் ஒரு கம்பனி சிப்பை, கருவியை இயக்குகிற சின்ன மின்சுற்றை, வரையும். அது தொழிற்சாலைக்குப் போகுமுன் சபை அதைக் கணனிக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். சொன்னபடி நடக்கிறதா என்று கண்காணிக்க றினோஸா போன்றவர்கள் விதி எழுதுவார்கள். முதலில் சீக்குவன்ஸ்: எதற்குப் பிறகு எது, எத்தனை துடிப்புக்குப் பிறகு எது என்கிற வரிசை. சிப்புக்குள் நேரம் துடிப்புத் துடிப்பாகத்தான் நகரும். பிறகு அந்த வரிசையை வைத்து ஒரு புரொப்பர்ட்டி: இந்த வரிசை நடந்தால், இத்தனை துடிப்புக்குள் அது நடந்தே ஆகவேண்டும். நடக்காவிட்டால் திரையில் சிவப்பு. நடந்தால் பச்சை.

இதில் ஒரு பொல்லாத ஓட்டை உண்டு. மழை பெய்தால் குடை விரிக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மழையே பெய்யாவிட்டால், வீட்டில் குடையே இல்லாதவனும் பாஸ். அவன் விதியை மீறவில்லையே. கணனி நேர்மையான சாமான், இதை ஒளிக்காது. பச்சைக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஓடும் இன்னொரு நிரலில் “வெறும் பாஸ்” என்று போட்டுவிடும். அதாவது, பார்க்க வேண்டியது ஒரு தடவையும் நடக்கவில்லை, அதனால்தான் பிழையும் நடக்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் அந்த நிரலைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சபையோ அந்த ஓட்டைக்குள்ளேயே குடியிருந்தது. கீழ்மாடியில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டி இருக்கும். “முறைப்பாடு கிடைத்தால் மூன்று வேலை நாட்களுக்குள் பதில்” என்று மேலே பலகை. கட்டடத்துக்கு வர்ணம் பூசியபோது அந்தப் பெட்டியின் வாயைப் பொலித்தீனால் சுற்றி ஒட்டினார்கள். பிறகு யாரும் கழற்றவில்லை. நான்கு வருடமாக ஒரு முறைப்பாடும் கிடைக்கவில்லை, ஒரு பதிலும் பிந்தவில்லை. அதற்காக மக்கள் சேவை விருதுகூடக் கிடைத்தது. அந்த விருதை வைக்க இடம் தேடி, கடைசியில் அந்தப் பெட்டிக்கு மேலேயே வைத்தார்கள்.

திரையில் யாராவது சிவப்பைக் கண்டால் அவர் தோல்வி விளக்கப் படிவம் நிரப்ப வேண்டும். பத்தொன்பது பக்கம். அதில் ஏழாம் பக்கத்துக் கேள்வி: “இத்தோல்வியைக் காணாமல் இருப்பதற்குத் தாங்கள் எடுத்த முயற்சிகள் யாவை?” வந்த புதிதில் றினோஸா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். ஒரு வருடம் கழிந்தபோது சிரிப்பு வரவில்லை. அவளும் மற்றவர்களைப் போல, சிவப்பு விழாத மாதிரி விதி எழுதப் பழகியிருந்தாள்.

அப்போதுதான் யானைக் காவல் பெட்டி வந்தது.

இறக்காமம் பக்கத்து வயல் வட்டைகளில் யானை இறங்கினால் ஒரு போகம் ஒரே தடவையில் போய்விடும். ஆகவே வயலைச் சுற்றிக் கட்டை நட்டு மூன்று கம்பி கட்டி, கம்பியில் அசைவு தெரிந்தால் சைரன் அடிக்கிற ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சிப். சைரன் அடித்தால் விவசாயி எழும்புவார், வெடி போடுவார், யானை திரும்பும். நல்ல யோசனை, அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. யோசனை சபைக்கு வந்து சேரும்வரை நன்றாகத்தான் இருந்தது.

யானை எந்த வரிசையில் வரும் என்று தெரிந்தால்தானே சீக்குவன்ஸ் எழுதலாம்? அதற்கு ஏழு பேர் கொண்ட “யானை வருகைச் சீக்குவன்ஸ் நிர்ணயக் குழு” அமைந்தது. தலைவர் பணிப்பாளர் அலியார் அவர்கள். ஏழு பேரில் யாரும் வயலில் யானையைக் கண்டதில்லை. மூன்று நாள் குளிரூட்டிய அறையில் இருந்து முடிவெடுத்தார்கள்: யானை நிலத்திலிருந்து தும்பிக்கையைத் தூக்கும். ஆகவே முதலில் கீழ்க்கம்பி அசையும். அடுத்த துடிப்பில் நடுக்கம்பி. அதற்கடுத்த துடிப்பில் மேல்கம்பி. இந்த வரிசை முடிந்து நான்கு துடிப்புக்குள் சைரன்.

“யானை ஒரு ஒழுங்கான மிருகம்” என்றார் அலியார். “பெரஹரா ஊர்வலத்தில பார்த்திரிப்பீங்க. எத்தின யானை போனாலும் வரிசை தப்பாது.”

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த றினோஸா மெதுவாகக் கையைத் தூக்கினாள். “சேர், எங்கட வாப்பா வரிப்பத்தான்சேனையில வயல் செய்யிற. அங்க யானை கம்பியத் தொடுறல்ல. கட்டையத் தள்ளி விழுத்தும். மூண்டு கம்பியும் ஒரேயடியா விழும்.”

அலியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது ஒழுங்கில்லாத யானை புள்ள. ஒழுங்கில்லாததுக்கு நாம எப்பிடி விதி எழுதுற? ஒழுங்கா வாற யானைக்கி முதல்ல எழுதுவம். மத்தது வரட்டும், பார்ப்பம்.”

கூட்டக் குறிப்பில், “செல்வி றினோஸாவின் கருத்து மகிழ்ச்சியுடன் செவிமடுக்கப்பட்டது” என்று பதிந்தார்கள். குறிப்பை எழுதியவள் அவள்தான். மேசைக்குத் திரும்பி, யானை கீழிருந்து மேலாக ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு வருகிற சீக்குவன்ஸை அவளே எழுதினாள். அதை வைத்து நாற்பத்திரண்டு புரொப்பர்ட்டி எழுதினாள். சின்ன வயதில், விழுந்து கிடந்த கட்டைகளை வாப்பாவோடு தூக்கிப் பிடித்த கை அது. எழுதும்போது கூசத்தான் செய்தது.

அடுத்தது சோதனை. சோதனைப் பிரிவில் ஜீவராஜ் என்று பாண்டிருப்புப் பொடியன் ஒருவன், அவள் வயதுதான். கணனிக்குள் யானையைக் கொண்டுவர அவன் ஒரே ஒரு வரி எழுதினான். அந்த வரி சட்ட உத்தியோகத்தரின் கண்ணில் பட்டது.

“யானை பாதுகாக்கப்பட்ட மிருகம் தெரியுமா? அரச கட்டடத்துக்குள்ள அதக் கொண்டுவாறதெண்டா எழுத்துமூலமான அனுமதி வேணும்.”

“ஐயா, இது உண்மையான யானை இல்ல. பூச்சியம் ஒண்டா மாறும், அவ்வளவுதான்.”

“எத்தின யானை?”

“ஒரு யானை.”

“அப்ப ஒரு யானைக்கு அனுமதி எடுங்க.”

சபையே அதற்கென ஒரு படிவம் தயாரித்தது. யானையின் வயது என்ற இடத்தில் ஜீவராஜ் “ஒரு துடிப்பு” என்று எழுதினான். தீனி என்ற இடத்தில் “மின்சாரம்”. கொம்பன்தானா என்ற கேள்விக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் றினோஸாவிடம் வந்து கேட்டான். இருவரும் அன்று வயிறு நோகச் சிரித்தார்கள். படிவம் வெளிச்செல்லும் கடிதக் கோவைக்குள் போனது. வெளியே செல்லவில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

பெட்டியைத் திறந்து வைக்கிற நாள் அதற்குள் குறித்தாயிற்று. ஆகவே யானை வராத நாட்களை வைத்துச் சோதித்தார்கள். வெயில் அடித்தது, காற்று வீசியது, மயில் ஒன்று கம்பியில் இருந்து எழும்பிப் போனது. மயிலுக்கு அனுமதி கேட்க யாருக்கும் நினைவு வரவில்லை. ஒரு வருடம் கணனிக்குள் ஓடி முடிந்தது. நாற்பத்திரண்டும் பச்சை. பக்கத்து நிரலில், நாற்பத்திரண்டும் வெறும் பாஸ்.

றினோஸா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனாள். போகும்போது அவளுக்குத் தைரியம் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் அதைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்காது.

“இந்தக் கடைசி நிரல் என்னத்துக்கு?” என்றார் அலியார்.

“அதுதான் சேர் முக்கியம். யானை ஒருக்காலும் வரல்ல. சைரன் அடிக்குமா அடிக்காதா எண்டு ஒருத்தருக்கும் தெரியா.”

“தெரியாதது பிழையா?”

“பிழை எண்டும் தெரியா சேர்.”

“அப்ப சரிதானே.” அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “புள்ள, நாம சரி பார்க்கிற சபை. சரியாக் கிடக்கிறதத்தான் பார்க்கணும். நாலு வருசமா நாம எல்லாரும் கஷ்டப்பட்டுக் காப்பாத்தின பூச்சியம் இது. இந்த நிரலால பேப்பரும் அகலமாப் போகுது. உள்ளுக்கு மடிச்சி விடு. பச்சை மட்டும் நிண்டா எவ்வளவு வடிவா இரிக்கும்!” பிறகு எழுந்து வந்து, கதவுவரை அவளோடு நடந்தார். “முதல் பெட்டிய உன்ட வாப்பாட வயல்லதான் வெக்கப் போறம். உனக்கு நாங்க செய்யிற மரியாத அது.”

அவள் மேசைக்குத் திரும்பினாள். நிரலின் கோட்டைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். வெறும் பாஸ் எல்லாம் ஒடுங்கி, ஒடுங்கி, கோட்டோடு கோடாக ஒட்டி மறைந்தன. கைக்கு ஒரு பாரமும் தெரியவில்லை. அன்று பகல் ளுஹர் தொழுதபோது எத்தனையாவது ரக்அத் என்று இரண்டு தடவை மறந்துபோனாள். வெட்கம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு விருப்பமில்லை, தலையிடி என்று வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் மனம் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டது. வாப்பா கேட்டால் சொல்லிவிடுவேன். “மகள், பெட்டி சரியா வேலை செய்யுமா?” என்று ஒரு வார்த்தை அவர் கேட்டால் போதும், அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அந்த நிபந்தனையை வைத்துக்கொண்ட பிறகு தலையிடி கொஞ்சம் குறைந்தது.

திறப்பு விழா வரிப்பத்தான்சேனையில், இஸ்மாலெப்பையின் வயல் வரம்பில் நடந்தது. கட்டைக்குக் குழி தோண்டி, கல் போட்டு இறுக்கியவர் அவரேதான். மூன்று நாள். றினோஸா லீவு போட்டு வந்து மூன்று நாளும் கட்டை நேராக நிற்க நீர்மட்டம் பிடித்தாள். விழாவன்று பந்தல், கிறாஅத் ஓதல், பொன்னாடை, குளிர்பானம். வயலைப் பார்த்துப் பேச வேண்டியவர்கள் வயலுக்கு முதுகைக் காட்டி இருந்தார்கள், ஏனென்றால் கமரா வயலுக்கு எதிர்ப்பக்கம் நின்றது.

அலியார் பேசினார். “சகோதரர்களே, இந்தப் பெட்டியை நாங்கள் ஒரு முழு வருடம் சோதித்தோம். அந்த ஒரு வருடத்தில் ஒரு யானைகூட வயலுக்குள் வரவில்லை என்றால், இந்தப் பெட்டியின் மகிமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!”

கைதட்டல். கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து, பக்கத்து வயல்காரர் ஸஹீத் எழுந்தார். “சேர், சைரன ஒருக்கா அடிச்சிக் காட்டுங்களன். சத்தம் எங்கட காவல் வாடி வரைக்கும் கேக்குமா எண்டு பார்ப்பம்.”

அலியார் முகம் கொஞ்சமும் மாறவில்லை. “நல்ல கேள்வி. இப்ப இங்க யானை இருக்குதா?”

“இல்ல சேர்.”

“யானை இல்லாமல் சைரன் அடித்தால் அது என்ன?”

ஸஹீத் யோசித்தார். “பிழை.”

“அடிக்காமல் இருந்தால்?”

“சரி.”

“அதைத்தான் இப்போது செய்து காட்டப் போகிறோம்” என்றார் பணிப்பாளர். “எல்லோரும் இரண்டு நிமிடம் அமைதியாக இருந்து, சைரன் அடிக்காததைக் கவனமாகக் கேளுங்கள்.”

இருநூறு பேர் காதைக் கொடுத்து நின்றார்கள். காற்றில் பயிர் உரசுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடியது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடம் முடிந்ததும் எழுந்த கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. யாரோ “மாஷா அல்லாஹ்” என்றார்கள். றினோஸாவுக்குக் கால் பெருவிரலிலிருந்து உச்சிவரை எரிந்தது. அவளை மேடைக்கு அழைத்து நினைவுச் சின்னம் ஒன்று கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த யானை. கண்ணாடி என்பதால் யானை சரியாகத் தெரியவில்லை.

பிறகு இஸ்மாலெப்பையைப் பேசச் சொன்னார்கள். அவருக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. “எனக்குப் பெரிசாக் கதைக்கத் தெரியா. இது என்ட மகள் பார்த்த பெட்டி” என்றார். அவ்வளவுதான் பேச்சு. இறங்கி நேராக ஸஹீதிடம் போய், ஒரு பையைக் கொடுத்தார். அதற்குள் அவருடைய யானை வெடிகள் இருந்தன, அந்தப் போகத்துக்கு என்று சேர்த்து வைத்தது முழுவதும். “இனி எனக்கி இது என்னத்துக்கு? நீ வெச்சிக்க, சைரன் கேட்டா எனக்கும் சேத்துப் போடு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். றினோஸாவும் சிரித்ததாகப் புகைப்படத்தில் இருக்கிறது.

அன்றிலிருந்து இஸ்மாலெப்பை வாடியில் படுக்கவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, கதிர் வந்த காலத்தில் அவர் வீட்டில் தூங்கினார். கன்னத்தில் சதை வைத்தது. காலையில் மகளோடு தேத்தண்ணி குடித்தார். பஸ் நேரத்துக்கு வாறதா என்று கேட்பார். வேலை செய்கிற கந்தோரில் வெயிலா என்று கேட்பார். நேற்றுப் பகலைக்கு என்ன சாப்பிட்டாய், அந்தப் பாண்டிருப்புத் தம்பிக்குக் கலியாணம் சரிவந்ததா, உன்ட பல்லு நோவு எப்படி என்றெல்லாம் கேட்பார். பெட்டியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு காலையும் றினோஸா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அவர் கேட்கமாட்டார். அவள் எழுந்து பஸ்ஸுக்குப் போவாள். இப்படி முப்பத்தாறு நாள்.

முப்பத்தேழாம் நாள் காலையில் ஸஹீதின் போன் வந்தது.

வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவள், தூரத்திலிருந்தே கண்டாள். மூன்று கட்டைகள் வேரோடு பிடுங்கினது மாதிரி சரிந்து, மூன்று கம்பியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தன. பால் வற்றி முற்றத் தொடங்கிய கதிர், பாதிக்கு மேல் சேற்றோடு சேறாக மிதிபட்டிருந்தது. மிச்சத்திலும் பாதியை யானை தின்றிருந்தது. அந்தப் பக்கத்தில் சரியாமல் நின்ற ஒரேயொரு கட்டையில் பெட்டி தொங்கியது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சத்தமே கேக்கல்ல காக்கா” என்றார் ஸஹீத், அண்ணன் முறை வைத்து இஸ்மாலெப்பையிடம். “கேட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பன். வெடி முழுக்க என்ட கையிலதானே கிடந்த.”

அக்கம்பக்கத்து விவசாயிகள் கூடிவிட்டார்கள். ஒருவர் பெட்டியைப் பார்த்து வாயைத் திறக்கப் போனார். இஸ்மாலெப்பை முந்திக்கொண்டார். “அல்லாஹ்ட நாட்டம். கட்டையில என்னவோ பிழை போல” என்றார். சொல்லிக்கொண்டே மகளுக்கு முன்னால் வந்து நின்றார், மற்றவர்கள் அவளைப் பார்க்காதபடி. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று அவளுக்கு இருந்தது. வெட்கம் என்ற பெயரை அன்று அவள் வைத்தாள்.

அவள் நேராகக் கந்தோருக்குப் போனாள். யாரையும் கேட்கவில்லை. ஜீவராஜின் அந்த ஒரு வரியைத் தேடி எடுத்து, மூன்று கம்பியும் ஒரே துடிப்பில் விழுகிற மாதிரி ஒரு யானையை எழுதி ஓட்டினாள். சிப் சைரனை அடிக்கவில்லை. அவள் எழுதிய நாற்பத்திரண்டு விதியும் பச்சையாகவே நின்றன. அவை காத்திருந்த யானை வேறு யானை. பிறகு, முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய நாற்பத்து மூன்றாவது விதியை எழுதினாள்: எந்த வரிசையிலாவது கம்பி விழுந்தால், நான்கு துடிப்புக்குள் சைரன். ஓட்டினாள். சிவப்பு. அந்தக் கட்டடத்தில் யாரும் கண்டிராத சிவப்பு. முழு வேலைக்கும் பத்து நிமிடம் எடுத்தது. அந்தப் பத்து நிமிடம் முப்பத்தேழு நாளும் அவளிடம் இருந்தது.

விசாரணை அடுத்த வாரம். சபை தன்னைத் தானே விசாரித்தது, ஆகவே நல்ல தேத்தண்ணி இருந்தது. இஸ்மாலெப்பையைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். வெள்ளைச் சேட்டும் தொப்பியும் போட்டு, கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். சாட்சி கேட்கும் முன்பே தீர்மானத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அலியார் அதை வாசித்தார்.

“மேற்படி யானையானது, நிர்ணயிக்கப்பட்ட சீக்குவன்ஸைப் பின்பற்றவில்லை. கீழ்க்கம்பி, நடுக்கம்பி, மேல்கம்பி என்ற ஒழுங்கை அது முற்றாக மீறியுள்ளது. முன்நிபந்தனை நிறைவேறாததால் சைரன் அடிக்கவேண்டிய கடப்பாடு எழவில்லை. ஆகவே புரொப்பர்ட்டி பாஸ். சபையின் பூச்சியம் தொடர்ந்தும் பேணப்படுகின்றது.” கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “சாட்சிக்கு ஏதும் சொல்ல இருக்குதா?”

இஸ்மாலெப்பை எழுந்து நின்றார். “பெட்டியில ஒரு பிழையும் இல்ல சேர். நான்தான் கட்டைய ஆழமாப் போடல்ல. அவசரத்தில மேலோட்டமாப் போட்டுட்டன். மகள்ட வேலைக்கி ஒரு குறையும் வந்திரப் படாது.”

றினோஸா அவரைப் பார்த்தாள். மூன்று அடிக் குழி. தான் நீர்மட்டம் பிடிக்க, அவர் ஒவ்வொரு கல்லாகக் குத்தி இறுக்கியது. பொய் சொன்னால் தொழுகை ஏற்கப்படாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர், அரச கந்தோரில், தொப்பி போட்டுக்கொண்டு, அவளுக்காகப் பொய் சொன்னார். வாப்பா பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்தாள். “வாப்பா போட்ட கட்டையில பிழை இல்ல சேர். பிழை என்ட விதியில. யானை எப்பிடி வரும் எண்டு தெரிஞ்சிக்கிட்டே மாத்தி எழுதின நான்தான். நாற்பத்திரண்டும் வெறும் பாஸ். அந்த நிரல மறைச்சதும் நான்தான். இஞ்ச பாருங்க.” சிவப்புத் தாளை மேசையில் வைத்தாள்.

சட்ட உத்தியோகத்தர் தாளைத் தொடாமல், தலையை மட்டும் சரித்துப் பார்த்தார்.

“இந்தச் சோதினையில யானை வந்திருக்குதே” என்றார்.

“ஓம்.”

“அனுமதி?”

“எடுக்கல்ல.”

அலியார் கவலையோடு தலையை ஆட்டினார். உண்மையான கவலை, நடிப்பென்று சொல்ல மாட்டேன். “எத்தின யானை புள்ள?”

“ஒண்டு சேர்.”

“எழுதுங்க” என்றார் எழுதுவினைஞரிடம். “அரச கணனியினுள் அனுமதியின்றி யானை ஒன்றை நுழைத்தமை. வேலை இடைநிறுத்தம்.” பிறகு சிவப்புத் தாளை இரண்டு விரலால் தள்ளினார். “இது சட்டவிரோதமா வந்த யானை. அதால வந்த சிவப்பச் சிவப்பெண்டு கணக்கெடுக்கேலா.”

சபை எழுந்தது. தேத்தண்ணியோடு வந்த சமோசாவில் இரண்டை, இஸ்மாலெப்பை வெறுங்கையோடு போகக்கூடாது என்று, ஒரு கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

கீழே முறைப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. இஸ்மாலெப்பை திறப்பைப் போட்டார், ஸ்டார்ட் பண்ணவில்லை. சமோசாப் பொட்டலத்தைப் பெற்றோல் தாங்கியில் வைத்தார், எடுத்தார், சேட்டுப் பைக்குள் வைக்கப் பார்த்தார், அது கொள்ளவில்லை. மகளைப் பார்க்காமல், கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அது அடிக்காதெண்டு உனக்கு முந்தியே தெரியுமா மகள்?”

முப்பத்தாறு காலை காத்திருந்த கேள்வி.

“அடிக்குமா எண்டு தெரியா வாப்பா. ஒருத்தரும் பார்க்கல்ல எண்டு தெரியும்.”

“ஏன் என்னட்டச் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்ல வாப்பா.”

சொல்லி முடிந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. அலியார் சேரின் குரல் அது. திரும்ப விழுங்க முடியவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

இஸ்மாலெப்பை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு உதவியாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே விளங்காமல், மெதுவாகக் கேட்டார்:

“நான் என்னத்துக்கு மகள் கேக்கணும்? நீதானே பார்த்த.”